மில்லிகிராமும் மூன்று துடிப்பும்

"ஐம்பத்தைந்து வயதிலும் இளமைத் துடிப்புடன் பணியாற்றும் இவர், துறை வழங்கிய கருவியின் வழிகாட்டுதலை அப்படியே பின்பற்றி, கொழுப்பு எரிப்பு மண்டலத்தை விட்டு ஒரு துடிப்பும் விலகாமல் பன்னிரண்டு வாரப் பயிற்சியை நிறைவு செய்து, தம் இடுப்பளவை நூற்றெட்டு சென்டிமீட்டரிலிருந்து தொண்ணூற்றொன்பதரையாகக் குறைத்து, சக ஊழியர்களுக்கு முன்மாதிரியாகத் திகழ்கிறார்."

எடை அளவைத் துறை அலுவலகத்தில் படிக்கட்டு ஏறியதும் இடது கைப்பக்கம், தீயணைப்புக் கருவிக்கு மேலே, இந்த வாசகம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. அவருக்கு வயது ஐம்பத்தைந்து இல்லை. கருவி சொன்னதை அவர் கேட்கவில்லை. மண்டலத்தை விட்டு விலகினார். அதுவும் திட்டமிட்டு, கையில் இரும்போடு விலகினார். இளமைத் துடிப்பு என்பது விழா எடுப்பவர்கள் எல்லாருக்கும் பொதுவாகப் போடுகிற உப்பு, அதை விட்டுவிடலாம். மிச்சம் இருப்பது இடுப்பளவு. அதையும் முழுசாக்குகிறேன் என்று கெடுத்துவிட்டார்கள். நிஜ அளவு தொண்ணூற்றொன்பது புள்ளி நான்கு. அந்த ஒரு மில்லிமீட்டரைத் திருத்தக் கோரி அவர் எழுதிய கடிதம் இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.

அலுவலகத்தில் அவருக்கு மில்லிகிராம் என்று பேர். முகத்துக்கு நேரே சார், முதுகுக்கு மில்லிகிராம். முப்பத்தொரு வருடமாக, வெல்வெட் வைத்த மரப்பெட்டியில் சோதனை எடைக்கற்களை எடுத்துக்கொண்டு கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சரிபார்ப்பது அவர் வேலை. எடைக்கல்லை விரலால் தொடமாட்டார், வியர்வை பட்டால் எடை கூடுமாம். இடுக்கியால் எடுப்பார். சரியாக இருந்தால் முத்திரை, இல்லையென்றால் சிவப்புச் சீட்டு.

"மூணு கிராம்தானே சார்" என்று ஒரு மளிகைக் கடைக்காரர் ஒருமுறை குழைந்தார்.

"மூணு கிராம்தான். ஒரு நாளைக்கு நூறு பேர் வாங்கறாங்க. அந்த முந்நூறு கிராம் இப்ப யார் வீட்ல இருக்கு?"

கடைக்காரர் தன் வீடு இருந்த திசையைப் பார்க்காமல் இருக்க ரொம்பச் சிரமப்பட்டார்.

இப்படிப்பட்டவர் கடைகளில் ஒரு வாய் டீ குடிக்கமாட்டார். பச்சைத் தண்ணீரைக்கூட வீட்டிலிருந்து கொண்டுபோவார். காலையிலிருந்து மாலைவரை வயிற்றைக் காயப்போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, மூன்று ஆள் சாப்பாட்டை ஒரே உட்காரலில் முடிப்பார். நேர்மையும் உடம்பை ஏற்றும் என்பதற்கு நூற்றெட்டு சென்டிமீட்டர் அத்தாட்சி. ஊரில் உள்ள அத்தனை தராசையும் சோதித்தவர், தான் ஏறி நிற்க வேண்டிய தராசை மட்டும் முப்பது வருடமாகத் தள்ளிப்போட்டு வந்தார்.

அப்போதுதான் அந்தச் சுற்றறிக்கை வந்தது. கள ஆய்வாளர்கள் இருபது கிலோ எடைக்கல் தூக்க வேண்டியவர்கள், அலுவலக ஊழியர்கள் அவசரத்துக்கு அவர்களோடு கூடப் போக வேண்டியவர்கள். ஆகவே பன்னிரண்டு வாரத்துக்குள் இடுப்பளவை நூறு சென்டிமீட்டருக்குள் கொண்டுவராதவர்கள் ஆவண அறைக்கு மாற்றப்படுவார்கள். ஆவண அறை தரைக்குக் கீழே இருக்கிறது. இரண்டு குழல் விளக்கு, எரிவது ஒன்று. முன்பு அங்கே போன ஒருவர் மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் மேலே வருவார், வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பூச்சிமருந்து வாசனையோடு. மில்லிகிராம் அன்று மாலை எடைக்கல் பெட்டியை வழக்கத்தைவிட இரண்டு தடவை கூடுதலாகத் துடைத்தார்.

பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும், விளையாட்டுக்காரி உடுப்பு, நிற்கும்போதும் குதிகால் தரையில் ஒட்டாது. கூட்ட அறைப் பலகையில் கணக்குப் போட்டாள்.

"இருநூத்தி இருபதுல உங்க வயசைக் கழிங்க. அது உங்க இதயத்தோட உச்சத் துடிப்பு. அதுல அறுபதுலேர்ந்து எழுபது சதவீதம் வரைக்கும் கொழுப்பு எரியற மண்டலம். அதுக்குள்ள இருந்தா வாட்ச்ல பச்சை. தாண்டினா ஆரஞ்சு. கீழ இருந்தா சாம்பல் நிறம்."

"எரிஞ்சு முடிஞ்சப்புறம்தானேம்மா சாம்பல்?" என்றார் தட்டச்சர்.

எல்லாரும் சிரித்தார்கள், மில்லிகிராம் தவிர. அவர் கையில் கட்டியிருந்த வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் அவர் வயது ஐம்பத்தைந்து என்றும், மண்டலம் தொண்ணூற்றொன்பதிலிருந்து நூற்றுப்பதினைந்து என்றும் இருந்தது.

"இந்த வயசு எங்கேர்ந்து எடுத்தீங்க?"

"உங்க பணிப்பதிவேட்லேர்ந்து சார். தப்பா இருக்கா?"

அறையில் முப்பது பேர் இருந்தார்கள். "பதிவேட்ல அப்படித்தான் இருக்கு" என்றார் மில்லிகிராம். முழு உண்மை. ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

அவருக்கு நிஜ வயது ஐம்பத்தெட்டு. அப்பா சாலை போடும் கூட்டத்தோடு ஊர் ஊராகப் போனவர். ஓரிடத்தில் நிலைத்துப் பையனைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனபோது அவனுக்கு ஒன்பது முடிந்திருந்தது, ஆள் மட்டும் எலும்பும் தோலும். தலைமை ஆசிரியர் ஒன்றாம் வகுப்புக்கு ஆறு வயசுதான் இருக்கணும் என்றார். அப்பா பையனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஆறுதாங்க" என்றார். அவன் மறுக்கவில்லை; மறுக்கிற அளவுக்கு ஆள் இல்லை. அவரைவிட ஒரு வயது சின்னவளான தங்கச்சியோ சித்தி வீட்டில் வளர்ந்து, நேரத்துக்குப் பள்ளிக்கூடம் போய், சரியான தேதியோடு பதிவானவள். அதனால் காகிதத்தில் தங்கச்சி அவருக்கு இரண்டு வயது மூத்தவள். இப்போது தையல் கடை வைத்திருக்கிறாள். கோபம் வந்தால் மட்டும் அண்ணனை "தம்பி" என்பாள்.

அந்தத் துறையில் ஐம்பத்தெட்டு முடிந்தால் வீட்டுக்குப் போக வேண்டும். நியாயமான தராசில் நிறுத்திருந்தால் மில்லிகிராம் போன மாதமே வீட்டில். இந்த மூன்று வருடம் அவருக்கு அப்பா எடைக்கு மேல் அள்ளிப்போட்ட கொசுறு. அதைப் பற்றி அவர் அதுவரை ஒரு நாளும் யோசித்ததில்லை என்று சொன்னால் நம்ப வேண்டியதில்லை. யோசிக்க ஒரு கருவி கிடைத்தது அப்போதுதான்.

முதலில் வாட்சைச் சோதித்தார். விடுமுறை நாள் காலை, சாப்பாட்டு மேசையில். இடது கையில் வாட்ச், வலது கை மணிக்கட்டில் விரல், எதிரே நிறுத்துக் கடிகாரம். மனைவி நோட்டும் பென்சிலுமாக.

"வாட்ச் என்ன சொல்லுது?"

"எண்பத்தி எட்டு."

"விரல் எழுபத்தொன்பது சொல்லுது. எழுதிக்கோ."

"அடுப்புல பால் இருக்குங்க."

"இன்னும் ஆறு தடவைதான்."

பத்து அளவில் ஏழு தப்பு, அதிகபட்சம் ஒன்பது துடிப்பு. மறுநாள் வாட்சின் பட்டையில் சிவப்புச் சீட்டு ஒட்டிப் பயிற்சிக்காரியின் மேசையில் வைத்தார். அவள் சீட்டைப் படித்தாள், இரண்டு பக்கமும் படித்தாள், பிறகு நெஞ்சில் கட்டும் பட்டை ஒன்றைக் கொடுத்தாள். அது ஒரு துடிப்புக்குள் சரியாக இருந்தது. அதன் உள்பக்கம் அடுத்த சோதனைத் தேதியோடு பச்சைச் சீட்டு ஒட்டிக்கொண்டார்.

"இப்ப எல்லாம் சரியா சார்?"

"கருவி சரிம்மா" என்றார். கணக்கில் சோதிக்கப்படாதது ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

அடுத்த ஆறு வாரம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்த பூங்காவில் மில்லிகிராம் நடந்தார். நடந்தார் என்பது மரியாதைக்காக. துடிப்பு நூற்றுப்பத்தைத் தாண்டினால் நின்றுவிடுவார், நூறுக்கு இறங்கினால் கிளம்புவார். தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துத் தள்ளிக்கொண்டு போன ஒரு பெண் ஒரு சுற்றில் அவரை இரண்டு முறை கடந்தாள், மூன்றாம் முறை, "வழி தெரியலையா?" என்று விசாரித்தாள். பயிற்சிக்காரியின் திரையில் மற்றவர்களின் கோடுகள் மலையும் பள்ளமுமாக இருந்தன. இவருடையது ஸ்கேல் வைத்துப் போட்டது மாதிரி இருந்தது.

பலன், ஆறு வாரத்தில் ஒரு சென்டிமீட்டர். தங்கச்சியின் கடையில், துணி வெட்டும் பலகைக்குப் பக்கத்தில் நிற்க வைத்து அவள் டேப்பைப் போட்டாள்.

"உன் பேண்ட் இடுப்பைப் பிரிச்சுப் பிரிச்சு விட்டே என் கை தேஞ்சு போச்சு. இனிமே பிரிக்க உள்ள துணி இல்ல அண்ணே."

"மண்டலத்துக்குள்ளதான் இருக்கேன்."

"அந்தக் கொழுப்பும் மண்டலத்துக்குள்ளதான் இருக்கு. ரெண்டு பேரும் சேந்து நடக்கறீங்க, அவ்வளவுதான்."

தட்டச்சர் நூற்றிரண்டில் இருந்தார். மில்லிகிராம் நூற்றேழு. ஆவண அறையின் இரண்டாவது குழல் விளக்கை மாற்ற ஆள் வந்திருப்பதாக ஒரு பேச்சு அலுவலகத்தில் உலாவியது. யாருக்காக என்று யாரும் சொல்லவில்லை. பார்வையெல்லாம் ஒரே மேசைக்குத்தான் போயிற்று.

அவர் பயிற்சிக்காரியிடம் போனார்.

"நீங்க சொன்ன மண்டலத்துலதான் நிக்கறேன். ஏன் எரியல?"

"எரியுது சார். ஆனா மெதுவா எரியுது. வேகமா போங்க."

"வேகமா போனா மண்டலத்தைத் தாண்டிடுமே."

"தாண்டட்டும். மெதுவா போகும்போது உடம்பு செலவழிக்கறதுல கொழுப்போட பங்கு அதிகம், அறுபது சதவீதம்னு வெச்சுக்கோங்க. வேகமா போனா அந்தப் பங்கு குறையும், ஆனா மொத்தச் செலவு ரெண்டு மடங்காயிடும். கடைசியில பாத்தா..."

மில்லிகிராம் கையை உயர்த்தினார். முப்பத்தொரு வருட அனுபவம் முகத்தில் ஏறியது.

"அதாவது பொட்டலத்து மேல 'அறுபது சதவீதம்'னு பெரிசா அச்சடிச்சுட்டு, உள்ள பொட்டலத்தையே சின்னதாக்கிட்டீங்க."

"அப்படியும் சொல்லலாம் சார்" என்றாள் அவள். சிரிப்பை அடக்கிய விதத்தில் நல்ல பயிற்சி தெரிந்தது.

"இதையே ஒரு பிஸ்கட் கம்பெனி பண்ணியிருந்தா நான் சரக்கைப் பறிமுதல் பண்ணியிருப்பேன்."

அன்றோடு பூங்காவுக்குப் போவது நின்றது. அலுவலகத்தின் பின்படிக்கட்டு நான்கு மாடி. கையில் முதலில் இரண்டு கிலோ எடைக்கல், பிறகு ஐந்து கிலோ, இரண்டு கைக்கும் சமமாக. ஒரு நிமிடம் வேகமாக ஏறுவது, இரண்டு நிமிடம் ஆற அமர இறங்குவது. மேல் வரம்பு நூற்று நாற்பது துடிப்பு என்று பயிற்சிக்காரி கணக்குப் போட்டுக் கொடுத்தாள். ஐம்பத்தைந்துக்கான கணக்கு. போனில் இருந்த பட்டையின் செயலி ஆரஞ்சு காட்டியது, ஓயாமல் கூவியது. கூவட்டும் என்று விட்டார். இடுப்பு இறங்க ஆரம்பித்தது: நூற்றைந்து, நூற்றுமூன்று.

ஒன்பதாவது வாரம், நான்காவது மாடித் திருப்பத்தில், நூற்று முப்பத்தொன்பதில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. விழவில்லை. எடைக்கற்களை முதலில் தரையில் பதமாக வைத்தார், பிறகு தன்னை வைத்தார். பயிற்சிக்காரி ஓடிவந்து காலைத் தூக்கிப் படியில் வைத்தாள். மருத்துவமனையில் ஈசிஜி எடுத்துப் பார்த்து, இதயத்தில் ஒன்றுமில்லை, காலையில் சாப்பிடாமல் ஏறினதுதான் காரணம் என்றார்கள். வெறும் வயிற்றில் ஏறினால் சீக்கிரம் எரியும் என்று தட்டச்சர் சொல்லியிருந்தார். தட்டச்சர் எந்தக் காலத்தில் வெறும் வயிற்றில் இருந்தார் என்று இவரும் கேட்கவில்லை.

மருத்துவமனை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு பயிற்சிக்காரி திரையைப் புரட்டினாள். "ஐம்பத்தஞ்சு வயசுக்கு நூத்தி முப்பத்தொம்பது தாங்கணுமே சார்."

"மூணு வயசு கூட இருந்தா?"

"யாருக்கு?"

"பொதுவா கேக்கறேன்."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "உச்சம் மூணு துடிப்பு குறையும். அவ்வளவுதான். அதெல்லாம் ஒண்ணுமில்ல சார், அந்தச் சூத்திரமே ஆளுக்கு ஆள் பத்து பன்னெண்டு துடிப்பு முன்ன பின்ன இருக்கும்."

கண் இருட்டியபோதுகூட அவர் முகம் அப்படி வெளிறவில்லை.

"பன்னெண்டா?"

"சில பேருக்கு அதுக்கும் மேல."

"இதை வெச்சுத்தான் முப்பது பேரை நடக்க விட்டீங்களா? இந்தச் சூத்திரத்துக்கு யார் முத்திரை குத்தினது?"

முத்திரை குத்துகிறவர்கள் யாரும் இல்லை என்று கேட்டதும் அவருக்கு மறுபடி தண்ணீர் கொடுக்க வேண்டியிருந்தது.

சாதாரண ஆள் இங்கே நிம்மதியாகியிருப்பான். சூத்திரத்திலேயே பன்னிரண்டு துடிப்பு ஆடும்போது, மூன்று துடிப்புப் பொய் எந்தத் தராசிலும் தெரியாது. மில்லிகிராமுக்கு நேர்மாறாகப் பட்டது. தராசு ஆடுகிறது என்பதற்காக யாராவது கள்ளக் கல்லை வைப்பார்களா? மறுநாள் பட்டையின் செயலியைத் திறந்து, வயது என்ற இடத்தில் ஐம்பத்தெட்டு என்று போட்டார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, தன் பிறந்த தேதியைத் திருத்தித் தன்னை மூன்று வருடம் மூத்தவராக்கும்படி மனு எழுதினார். ஒரு ஓரத்தில், சாலை போட்ட கூட்டத்தின் பழைய கூலிப்பட்டியலில் 'கைக்குழந்தையுடன்' என்று அம்மா பெயருக்கு நேரே எழுதியிருந்த வருடத்தை ஆதாரமாகக் காட்டினார்.

மனைவி மனுவை இரண்டு முறை படித்தாள்.

"இப்ப யாருங்க உங்களை வயசு கேட்டா?"

"கருவி கேட்டுச்சு."

"கருவிகிட்ட பொய் சொன்னா அது என்ன அழவா போகுது? இதைக் குடுத்தீங்கன்னா நாளைக்கே வீட்ல உக்காரச் சொல்லுவாங்க. மூணு வருஷம் நாள் முழுக்க வீட்ல இருந்தா என்ன பண்ணுவீங்க தெரியுமா? நான் உப்பு போடற ஸ்பூனுக்கு முத்திரை கேப்பீங்க."

"ஸ்பூன் எல்லாம் ஒரே அளவு இல்ல. அது ஒரு பிரச்சினைதான்."

"பாத்தீங்களா" என்றாள் மனைவி. அவள் குரலில் கோபம் இல்லை, பயம் இருந்தது.

தூக்கம் அவருக்கும் கெட்டது. பெட்டி இல்லாத காலை எப்படி இருக்கும் என்று அவரால் யோசிக்க முடியவில்லை. மனுவைக் கிழிக்கவும் முடியவில்லை. மூன்றாம் நாள் கொடுத்தார்.

துணை இயக்குநர் மனுவைக் கண்ணாடி போட்டும் போடாமலும் பார்த்தார்.

"வயசைக் குறைச்சுத் தரச் சொல்லி மாசம் ஒரு மனு வரும். கூட்டித் தரச் சொல்லி ஒருத்தர் வந்தது இதுதான் முதல் தடவை. உங்களுக்கு என்ன கஷ்டம்?"

"கஷ்டம் ஒண்ணுமில்ல சார். அளவு தப்பு."

"பிறந்த தேதித் திருத்தம் எல்லாம் வேலையில சேந்து அஞ்சு வருஷத்துக்குள்ள கேக்கணும். அந்த விதி தெரியாதா உங்களுக்கு?"

"ஞாபகத்துல இல்ல சார்."

எடை விதிகளில் உட்பிரிவு, உட்பிரிவின் அடிக்குறிப்பு வரை தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கிறவர் அவர். அந்த ஒரு விதி மட்டும் எப்படி நழுவியது என்பதைத் துணை இயக்குநர் கேட்கவில்லை.

பதில் பதினோராம் வாரம் வந்தது. "மனுதாரர் கோரியபடி அவருக்கு வயதை உயர்த்தி வழங்க விதிகளில் இடமில்லை. மேலும், துறைக் கருவியில் அவர் தன்னிச்சையாக மாற்றிய வயதை உடனே ஐம்பத்தைந்தாகச் சீர்செய்ய வேண்டும்."

பொய் எடைக்கல்லைத் தராசில் வைக்கும்படி எழுத்துமூலம் உத்தரவு வந்தது அவர் பணிக்காலத்தில் அதுவே முதல் தடவை. கீழ்ப்படிந்தார். ஐம்பத்தைந்து என்று மாற்றினார். மாற்றிவிட்டுப் பட்டையைக் கழற்றி, உறையில் போட்டு, மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். கடைசிப் பத்து நாளும், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, விரலும் நிறுத்துக் கடிகாரமுமாக, ஐம்பத்தெட்டு வயதுக்காரருக்கு எவ்வளவு ஆகுமோ அவ்வளவு வேகத்தில் படியேறினார்.

கடைசி அளவுக்கு முந்தின நாள் தங்கச்சி கடைக்குப் போனார். அவள் டேப் தொண்ணூற்றெட்டு காட்டியது. அவர் பையிலிருந்து முத்திரையிட்ட எஃகு டேப்பை எடுத்து அவள் டேப்புக்குப் பக்கத்தில் நீட்டி வைத்தார்.

"உன் டேப் இழுபட்டு நீண்டு போயிருக்கு. இருபது வருஷமா எல்லார் இடுப்பையும் குறைச்சுச் சொல்லியிருக்கே."

"அதனாலதான் எல்லாரும் என் கடைக்கு வர்றாங்க." ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே கேட்டாள்: "அந்த அஞ்சு வருஷ விதி தெரிஞ்சுதானே மனு போட்டே?"

அவர் எஃகு டேப்பைச் சுற்றினார்.

"உன்னைத்தான் கேக்கறேன் தம்பி."

"சிவப்புச் சீட்டு இருக்கு. உன் டேப்புல ஒட்டட்டுமா?"

"ஒட்டு. ஒட்டிட்டுச் சொல்லு."

ஒட்டினார். சொல்லவில்லை.

மறுநாள் கூட்ட அறையில் எஃகு டேப்பால், மூன்று முறை, மூச்சை இழுக்காமல் அளந்தார்கள். தொண்ணூற்றொன்பது புள்ளி நான்கு. மூச்சை இழுத்துப் பிடித்த தட்டச்சர் நூற்றொன்றில் நின்று, இரண்டு குழல் விளக்கும் எரிகிற ஆவண அறைக்குப் போனார். பயிற்சிக்காரி தகுதிச் சான்றிதழை நீட்டினாள். பெயர், பதவி, வயது ஐம்பத்தைந்து, இடுப்பளவு. அடியில், மேற்கண்ட விவரங்கள் யாவும் சரியானவை என்ற வரிக்குக் கீழே ஒரு புள்ளிக்கோடு. அவர் வயதைப் பார்த்தார். அந்தப் பெண்ணும் அவரைப் பார்த்தாள்.

மில்லிகிராம் செய்தது இவ்வளவுதான்: தன் வயது ஐம்பத்தெட்டு என்று எழுதிக் கொடுத்தார், முடியாது என்று பதில் வந்தபின், ஐம்பத்தைந்து என்று அச்சிட்ட தாளில் கையெழுத்துப் போட்டார், மறுநாள் காலை எட்டரை மணிக்கு எடைக்கல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனார்.